நிற்கும் மரத்துக்கு என்ன விலை? ஜவ்வாது மலையின் வரவுக் கணக்கு

போளூரில் ஏறினால், அத்திமூர் தாண்டியதும் பேருந்து மலைப்பாதையைப் பிடித்துவிடுகிறது. கீழே நெல்லும் கரும்பும் வேர்க்கடலையுமாக இருந்த நிலம், கொண்டை ஊசி வளைவுகள் முடிந்து மேலே போனதும் சாமைக் காடும் ராகிக் கொல்லையுமாக மாறிவிடுகிறது. வரப்போரத்தில் புளியமரம், வீட்டுக்குப் பின்னால் பலா, அதற்கு அப்பால் காடு. மேலே உள்ள பெரிய ஊர் ஜமுனாமரத்தூர். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டான ஜவ்வாது மலை, இன்றைய திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. கோடை விழாவுக்கும் பீமன் அருவிக்கும் கோமுட்டேரிப் படகுக்கும் வருகிறவர்களுக்கு இது ஒரு நாள் சுற்றுலா. இங்கே வாழும் மலையாளி பழங்குடி மக்களுக்கு இது நிலம், கடவுள், கடன், சோறு எல்லாமும்.

இந்த மலை வருடத்துக்கு எவ்வளவு சம்பாதிக்கிறது என்று கேட்டால் என்ன பதில் வரும்? சாமை இத்தனை மூட்டை, புளி இத்தனை டன், தேன் இத்தனை கிலோ, கடுக்காய், நெல்லிக்காய், சீத்தாப்பழம், பலா என்று ஒரு பட்டியல் கிடைக்கும். ஜமுனாமரத்தூரில் இருக்கும் மலைவாழ் மக்களுக்கான கூட்டுறவுச் சங்கத்தின் பதிவேட்டிலும், வியாபாரிகளின் சிட்டையிலும் எழுதப்படுவது இவ்வளவுதான். ஆனால், இந்த மலையின் பெரிய விளைச்சல் எந்தச் சிட்டையிலும் ஏறுவதில்லை. அது எடை போடாமலேயே மலையை விட்டு இறங்கிப் போகிறது.

எடை போடாத விளைச்சல்

அந்த விளைச்சல், தண்ணீர். செய்யாறு இந்த மலையில்தான் பிறக்கிறது. செங்கம் பக்கத்தில் குப்பநத்தம் அணை அதைத் தேக்குகிறது. கொள்ளளவு 700 மில்லியன் கன அடி. மலையின் கிழக்குச் சரிவில் கமண்டல நாகநதிக்குக் குறுக்கே, படவேடு அருகே செண்பகத்தோப்பு அணை. கொள்ளளவு 287 மில்லியன் கன அடி. மிருகண்டா அணை சிறியது. 87 மில்லியன் கன அடி. மூன்றையும் கூட்டினால் 1,074 மில்லியன் கன அடி. லிட்டரில் சொன்னால், ஒரு தடவை நிரம்பினாலே 3,000 கோடி லிட்டருக்கு மேல்.

கமண்டல நாகநதி படவேட்டு வாழைத் தோட்டங்களைத் தாண்டி, ஆரணி வழியாகப் போய்ச் செய்யாற்றில் சேர்கிறது. செய்யாறு காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் கலக்கிறது. மலையாளி மக்களின் வாய்மொழிக் கதைகள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று சொல்கின்றன. மனிதர்கள் ஏறி வந்த அதே திசையில் தண்ணீர் இறங்கிப் போகிறது. ஆரணி அரிசிக்குப் பேர் இருக்கிறது, படவேட்டு வாழைக்கும் பேர் இருக்கிறது. அந்த அரிசியிலும் வாழையிலும் மலைக்காட்டுக்கு ஒரு பங்கு உண்டு என்பது விலையில் வருவதில்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. காடு தண்ணீரை உற்பத்தி செய்வதில்லை. மரங்களும் தண்ணீர் குடிக்கின்றன. மொட்டைப் பாறையில் பெய்யும் மழை மொத்தமாக ஓடிவருவதைவிட, காட்டில் பெய்து ஆற்றுக்கு வரும் தண்ணீர் அளவில் குறைவாகக்கூட இருக்கலாம். காடு செய்வது வேறு வேலை. இலைச்சருகும் வேரும் மழையின் வேகத்தை உடைத்து, மண்ணுக்குள் இறக்கி, கார்த்திகையில் பெய்ததைத் தை, மாசி வரைக்கும் ஊற்றாகக் கசிய விடுகின்றன. கூடவே, மண்ணைப் பிடித்து வைக்கின்றன. ஒரே நாளில் வந்து போகும் வெள்ளத்துக்கும், மூன்று மாதம் கிணற்றில் நிற்கும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மண்ணைப் பிடித்து வைப்பதற்கு என்ன மதிப்பு? ஓர் எளிய கணக்கு. செண்பகத்தோப்பு அணையின் கொள்ளளவில் நூற்றில் ஒரு பங்கு வண்டல் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது 28 லட்சத்து 70 ஆயிரம் கன அடி. 100 கன அடி ஒரு யூனிட்; டிராக்டர் டிப்பரில் சுமார் ஒரு யூனிட் பிடிக்கும். அப்படியானால் 28,700 டிராக்டர் நடை. உங்கள் ஊரில் ஒரு நடைக்கு என்ன வாடகையோ, அதைப் பெருக்கிப் பார்த்தால் போதும். மேலே இருக்கும் காடு அந்த மண்ணை இறங்க விடாமல் வைத்திருக்கும் ஒவ்வொரு வருடமும், அந்தச் செலவை நமக்கு மிச்சப்படுத்துகிறது. இயற்கை சும்மா செய்யும் வேலையை நாம் காசு கொடுத்துச் செய்தால் என்ன ஆகும் என்று பார்ப்பதை 'மாற்றுச் செலவு' முறை என்கிறார்கள் பொருளாதார அறிஞர்கள். சுற்றுச்சூழல் கணக்கியலில் அதிகம் பயன்படும் வழிகளில் இதுவும் ஒன்று.

தேனுக்கும் புளிக்கும் சந்தை விலையே போதும். சுற்றுலாவுக்கு, வருகிறவர்கள் பயணத்துக்கும் தங்குவதற்கும் செய்யும் செலவைக் கணக்கிடுவார்கள். தேனீயின் மகரந்தச் சேர்க்கைக்கு, அது இல்லாவிட்டால் விளைச்சல் எவ்வளவு குறையும் என்று பார்ப்பார்கள். எந்த முறைக்கும் சிக்காத சேவைகளும் உண்டு. ஜவ்வாது மலையின் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வு மையம் அதற்கு உதாரணம். நகர வெளிச்சம் எட்டாத இருட்டைத் தேடித்தான் விஞ்ஞானிகள் 1960-களில் இந்தக் காட்டுக்கு வந்தார்கள். 1986-ல் 2.3 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி இங்கே திறக்கப்பட்டது. மலை கொடுத்த அந்த இருட்டுக்கு எந்த விலையைப் போடுவது?

பசுவை விற்றாலும் வரவு, பாலை விற்றாலும் வரவா?

ஒரு வீட்டில் நான்கு பசு இருக்கின்றன. பால் விற்று வருவது வருமானம். ஒரு பசுவையே விற்றுவிட்டால் கையில் ஒரே நாளில் பெரிய தொகை வரும். அதை வருமானம் என்று எழுதிவைக்கிறவரை ஊரில் யாரும் கெட்டிக்காரர் என்று சொல்ல மாட்டார்கள். முதலே போய்விட்டது என்பது எல்லோருக்கும் தெரியும்.

நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்திக் கணக்கில் இதைத்தான் செய்துவந்தோம். காட்டை வெட்டி விற்றால் வரவு. வெட்டாமல் நின்றால் கணக்கில் பூஜ்யம். அணையில் வண்டல் வார டெண்டர் விட்டால் அதுவும் உற்பத்தி. இந்தக் கோளாறைச் சரிசெய்ய, ஐக்கிய நாடுகள் சபையின் புள்ளியியல் ஆணையம் 2012-ல் சுற்றுச்சூழல்-பொருளாதாரக் கணக்கு முறையை ஏற்றுக்கொண்டது. 2021 மார்ச்சில் காடு, ஏரி, சதுப்பு நிலம் போன்ற இயற்கை அமைப்புகளுக்கான தனிக் கணக்கு முறையும் வந்தது. அதைச் சோதித்துப் பார்த்த 5 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மத்திய புள்ளியியல் அமைச்சகம் 2018 முதல் இந்தக் கணக்குகளைத் தொகுத்து வெளியிட்டு வருகிறது.

முறை ஒன்றும் புதிரல்ல. முதலில் இருப்பு: எத்தனை ஹெக்டேர் காடு, அதன் நிலைமை என்ன, அடர்த்தியா, சிதைந்ததா? அடுத்து வரத்து: அந்த இருப்பிலிருந்து வருடந்தோறும் என்ன வருகிறது? கடைசியாகத்தான் ரூபாய். தானியக் குதிரில் என்ன இருக்கிறது, இந்த வருடம் என்ன அளந்தோம் என்று வீட்டில் பார்ப்பது போலத்தான்.

2025-ல் அமைச்சகம் காடுகளுக்கென்றே தனித் தொகுப்பு வெளியிட்டது. 2021-22-ல் நாட்டின் காடுகளிலிருந்து எடுக்கப்பட்ட மரம் முதலான பொருள்களின் மதிப்பு சுமார் 38 ஆயிரம் கோடி ரூபாய் என்கிறது அது. அதே காடுகள் கரியைக் காற்றில் கலக்க விடாமல் தேக்கி வைத்திருப்பதன் மதிப்பு சுமார் 6 லட்சத்து 20 ஆயிரம் கோடி ரூபாய். எடுத்ததைவிட, நிற்பது செய்த வேலை 16 மடங்கு.

கூடலூரிலிருந்து போன வழக்கு

இந்தியாவில் நிற்கும் காட்டுக்கு முதலில் விலை வைக்கச் சொன்னது நீதிமன்றம். அதன் தொடக்கம் தமிழ்நாட்டில் இருக்கிறது. நீலகிரி மாவட்டம் கூடலூர் பகுதியில் காடு அழிவதைப் பார்த்து, நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அந்த வழக்கு நாடு முழுக்கக் காடுகளைப் பற்றிய தொடர் வழக்காக வளர்ந்தது. சுரங்கத்துக்கோ அணைக்கோ சாலைக்கோ காட்டை எடுப்பவர்கள், அந்தக் காடு இனி தரமுடியாமல் போகும் பயன்களுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அந்தத் தொகைக்கு 'நிகர நடப்பு மதிப்பு' என்று பெயர். அதைக் கணக்கிடும் வழியைச் சொல்லப் பொருளாதார அறிஞர் காஞ்சன் சோப்ரா தலைமையில் குழு அமைக்கப்பட்டது.

2008-ல் நீதிமன்றம் ஏற்ற விகிதம், காட்டின் வகையையும் அடர்த்தியையும் பொறுத்து, ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் ரூபாய் வரை. 2022-ல் மத்திய அரசு அதை 9.57 லட்சம் முதல் 15.95 லட்சம் ரூபாய் வரை உயர்த்தியது. ஏக்கர் கணக்கில் ஏறக்குறைய 3.87 லட்சம் முதல் 6.46 லட்சம் வரை. அடிவாரத்தில் தார்ச்சாலை ஓரத்தில் ஒரு ஏக்கர் நிலம் என்ன விலை போகிறது என்று தெரிந்தவர்களுக்கு, இந்தத் தொகை அதிகமா குறைவா என்று புரியும்.

அந்தப் பணம் எங்கே போகிறது? 2016-ம் ஆண்டு ஈடுசெய் காடு வளர்ப்பு நிதிச் சட்டத்தின்படி 90 சதவிகிதம் மாநில அரசின் நிதிக்கும், 10 சதவிகிதம் மத்திய நிதிக்கும் போகிறது. மரம் நடுவதும் காட்டைப் பராமரிப்பதும் வனத்துறை மூலம் நடக்கின்றன. காடு போன ஊரில், விறகுக்கும் தேனுக்கும் அந்தக் காட்டை நம்பி இருந்த குடும்பத்தின் கைக்கு இந்தத் தொகை நேராக வருவதில்லை. கணக்கில் மலைக்கு மதிப்பு ஏறியிருக்கிறது. மலையில் இருப்பவருக்கு ஏறவில்லை.

ஒரு மலையின் தண்ணீர், ஐந்து மாவட்டத்தின் சோறு

போபாலில் உள்ள இந்திய வன மேலாண்மை நிறுவனம் 2015-ல் 6 புலிகள் காப்பகங்களின் பயன்களைக் கணக்கிட்டது. அவற்றில் பெரியாறும் ஒன்று. அந்தக் காட்டின் ஆண்டுப் பயன் 1,760 கோடி ரூபாய் என்று வந்தது. அதில் தமிழக மாவட்டங்களுக்குத் தண்ணீர் தருவதன் மதிப்பு மட்டும் 405 கோடி. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் விவசாயிகள் பெரியாற்றுத் தண்ணீரில் பயிர் வைத்துப் பல தலைமுறையாகிறது. ஆனாலும், தங்கள் வயலுக்கு மேலே இருக்கும் காட்டின் பங்கு இவ்வளவு என்று ஒரு தொகையைப் பார்த்தது அப்போதுதான்.

காடு பெரியது, புலி இருக்கிறது, அணை புகழ்பெற்றது என்பதால் பெரியாறு அந்த ஆய்வில் இடம்பெற்றது. ஜவ்வாது மலை போன்ற மலைகளுக்குக் குப்பநத்தமும் செண்பகத்தோப்பும்தான் உண்டு. ஆனால், செங்கத்துக் கிணற்றுக்கும் ஆரணி வயலுக்கும் இந்த அணைகள்தான் பெரியாறு.

வெட்டிய மரத்தின் விலை

விலை வைக்காததன் பாடத்தையும், விலை வைத்ததன் பாடத்தையும் ஜவ்வாது மலை ஏற்கெனவே படித்திருக்கிறது. ஒரு காலத்தில் இந்த மலை சந்தனத்துக்குப் பேர் போனது. திருப்பத்தூரில் இருக்கும் அரசு சந்தனக் கிடங்கில் கட்டைகளைத் தரம் பிரித்து, கிலோ கணக்கில் ஏலம் விடுவார்கள். வெட்டிய மரத்துக்கு அவ்வளவு துல்லியமான விலை இருந்தது. கடத்தலும் அந்த விலையைத் தேடித்தான் வந்தது. மலையின் சந்தனம் பெருமளவு போய்விட்டது.

அதன் பிறகு செம்மரம். அது இந்த மலையில் இல்லை, ஆந்திராவில் இருக்கிறது. ஆனால், மரம் வெட்டத் தெரிந்த கைகள் இங்கே இருந்தன. மானாவாரிச் சாமையும் புளியும் தரும் வருமானத்தால் கடனைக் கட்ட முடியாத குடும்பங்களும் இருந்தன. தரகர்கள் அதைத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள். 2015 ஏப்ரல் 7-ம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டக்காரர்கள். ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். வெட்டிய மரத்துக்குக் கூலி கிடைக்கும், நிற்கும் மரத்தைக் காப்பதற்கு எதுவும் கிடைக்காது என்ற நிலை ஒரு மலையை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

காட்டில் சேகரிக்கும் பொருள்களுக்கு மத்திய அரசு 2013-14 முதல் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. 2020-ல் கொட்டையோடு கூடிய புளிக்குக் கிலோ 36 ரூபாய், காட்டுத்தேனுக்கு 225 ரூபாய் என்று உயர்த்தியது. இது நல்ல தொடக்கம். ஆனால், இதுவும் எடுக்கும் பொருளுக்கான விலைதான். எடுக்காமல் விட்ட மரத்துக்கு, மண் இறங்காமல் சரிவில் கல் வரப்புப் போட்டவருக்கு, காட்டுத்தீயை அணைக்க ஓடியவருக்கு அதில் இடமில்லை.

கீழூர் கொடுத்த பணம்

கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்குப் பணம் கொடுத்த இடங்கள் உலகில் இருக்கின்றன. நியூயார்க் நகரத்துக்குக் குடிநீர் வருவது கேட்ஸ்கில் மலைப்பகுதியிலிருந்து. தண்ணீரின் தரம் கெடத் தொடங்கியபோது, சுத்திகரிப்பு நிலையம் கட்ட 600 முதல் 800 கோடி டாலர் வரை ஆகும் என்று மதிப்பிட்டார்கள். அதற்குப் பதிலாக 1997-ல் மலைப்பகுதி விவசாயிகளோடும் ஊர்களோடும் நகரம் ஓர் ஒப்பந்தம் போட்டது. மாட்டுச்சாணமும் உரமும் ஓடையில் கலக்காமல் விவசாயம் செய்ய உதவி, நிலத்தை விருப்பப்பட்டு விற்பவர்களிடம் வாங்குதல், கழிவுநீர் ஏற்பாடு என்று, சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கில் வேலை முடிந்தது.

நம் நாட்டிலும் இமாச்சலப் பிரதேசத்தில் பாலம்பூர் நகராட்சி இருக்கிறது. தனக்கு ஊற்று நீர் தரும் போஹல் காட்டைப் பாதுகாக்க, மேலே உள்ள கிராமக் குழுவோடு 2010-ல் ஒப்பந்தம் செய்தது. ஆண்டுக்கு 10,000 ரூபாய். தொகை சிறியது. ஆனால், 'நாங்கள் குடிக்கும் தண்ணீரை நீங்கள் காக்கிறீர்கள்' என்று ஒரு நகராட்சி எழுத்தில் ஒப்புக்கொண்டது சிறிய விஷயமல்ல. அந்தக் கிராமத்தினர் இனி உதவி கேட்டு நிற்பவர்கள் அல்ல. செய்த வேலைக்குப் பணம் பெறுபவர்கள்.

ஊரே எழுதும் கணக்கு

இதற்கெல்லாம் பெரிய நிறுவனங்கள் வர வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. 2002-ம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிக்க வேண்டும். உங்கள் ஊராட்சியில் அந்தப் பதிவேடு இருக்கிறதா என்று கிராம சபையில் கேட்கலாம். காட்டை ஒட்டிய ஊர்களில், 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வன விளைபொருள்கள் மீதான உரிமையையும், சமூகக் காட்டைக் காத்து நிர்வகிக்கும் உரிமையையும் தருகிறது. காட்டின் மதிப்பை யார் பெயரில் வரவு வைப்பது என்ற கேள்வி வரும்போது, இந்த உரிமைப் பத்திரம்தான் பேசும்.

பதிவேட்டில் எழுத வேண்டியவை எளியவை. எந்த ஓடை எந்த மாதம் வரை ஓடுகிறது? எந்த ஊற்று எந்த வருடம் வற்றியது? ஏரிக்கு எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வண்டல் எடுத்தோம், எத்தனை நடை? தேனடை எத்தனை கிடைத்தது? மேய்ச்சல் எத்தனை மாடுகளுக்கு? ஒரு சின்ன அளவை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை என்பது 4,000 லிட்டர். உங்கள் வரப்பும் மரமும் சருகும் ஒரு மழையில் கூடுதலாக 10 மில்லிமீட்டரை நிலத்துக்குள் இறக்கினால் 40,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் மூன்று லாரிக்கு மேல். அதே ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மேல்மண் போனால், போனது சுமார் 5 டன்.

விலை எழுதுவது விற்பதற்காக அல்ல என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஒரு ஏக்கர் காட்டுக்கு 6 லட்சம் என்று தாளில் இருந்தால், 6 லட்சம் கொடுத்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று பேச ஆள் வருவார்கள். ஊற்றுக்கும் சாமி மரத்துக்கும் முன்னோர் புதைந்த இடத்துக்கும் தொகை போடாமல், பெயரை மட்டும் எழுதி வைப்பதும் கணக்குதான்.

மாலையில் ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்கும் பேருந்தின் கூரையில் புளி மூட்டையும் சீத்தாப்பழக் கூடையும் ஏறுகின்றன. நடத்துநர் எண்ணி, ஒவ்வொன்றுக்கும் லக்கேஜ் சீட்டுக் கிழிக்கிறார். பாதையோரத்து ஓடையும் அதே திசையில்தான் இறங்குகிறது. அதற்குச் சீட்டு இல்லை. கீழே ஒரு கிணற்றில் மோட்டார் போடும்போது, அந்த வயல்காரர் ஒரு தடவை மேற்கே திரும்பி மலையைப் பார்த்தால், கணக்கு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.